மறுமுனையைப் பிடிக்க ஓர் ஏற்பாடு

எக்ஸ்ரேக்காரரை நம்பி ஆஸ்பத்திரியில் எலும்பைக் கொடுக்கலாம், வீட்டில் ஒரு பலகையைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, எக்ஸ்ரேக்காரரேதான். மற்றவர்கள் கேலி பேசுவதற்கு முன்னால் தன்னைப் பற்றித் தானே பேசிவிடுவது அவர் வழக்கம். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கேலி தன் கையில் இருந்தால், எந்த இடத்தில் வலிக்காதோ அந்த இடமாகப் பார்த்து அடித்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் காலை நேரப் பணி. வருகிறவர்களை எல்லாம் நிற்கவைத்து, படுக்கவைத்து, "மூச்சைப் பிடிச்சுக்கங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து மதியம் வீடு திரும்புவார். சாயங்காலம் முழுக்கத் தச்சு வேலை. கார் நிறுத்தும் அறைதான் பட்டறை. கார் தெருவில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே நிழலில் சொகுசாக நின்றது அவருடைய வேலைமேசை. நாலடி நீளம், தடித்த கால்கள், பலகையைக் கவ்விப் பிடிக்க முன்பக்கம் ஒரு இரும்பு வைஸ். தன் வாழ்நாளில் முழுசாகச் செய்து முடித்த மரச்சாமான் அது ஒன்றுதான் என்பார். மற்றதெல்லாம் முக்கால்வாசி. செருப்பு வைக்கும் தட்டு முக்கால்வாசி, பின்வாசல் பெஞ்சு முக்கால்வாசி, இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்காக ஆரம்பித்திருக்கும் புத்தக அலமாரி கால்வாசி.

அலமாரிப் பலகைகள் ஏழடி. மேசை நாலடி. மிச்ச மூன்றடி அந்தரத்தில் தொங்கும். அப்படியே விட்டு அறுத்தால் கடைசி அங்குலத்தில் பலகை தன் கனத்தாலேயே முறிந்து, நார்நாராகப் பிய்ந்துகொண்டு விழும். ஆகவே மறுமுனையை ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பது இல்லை. கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் அறுத்த வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். கொஞ்சம் இறக்கினால் பலகை பிளக்கும். தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. இந்த வேலையை அவர் மனைவி செய்துவந்தாள். ஒரு நாள் பழக்க தோஷத்தில் அவளிடமும் "அசையாதே" என்று சொல்லிவிட்டார். "நான் உங்க பேஷன்ட் இல்ல" என்றாள் அவள். ஆனால் அசையவில்லை.

மனைவி தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் இருக்கிறாள். சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு நேரே பட்டறைக்கு வருவாள். பலகையின் மறுமுனையைக் கையில் ஏந்தியதும் அவளுக்குப் பேச்சு வந்துவிடும். கவுன்ட்டரில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், மேலதிகாரி எதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார், எல்லாம் வரும். ஒரு பெண்மணி வாராவாரம் ஒரே விலாசத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவாள். 'கதவு பூட்டியிருக்கிறது' என்று அது வாராவாரம் திரும்பி வரும். மறுபடி அதையே அனுப்புவாள். இந்தக் கதை மாதக்கணக்கில் ஓடிற்று. அவரும் ரம்பத்தை இழுத்துக்கொண்டே பதிலுக்கு ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்வார். கடைசி அங்குலம் வந்ததும் இருவர் பேச்சும் நிற்கும். துண்டு அலுங்காமல் அவள் கையோடு வந்துவிடும். அதன் பிறகு, எங்கே விட்டோமோ அங்கேயிருந்து பேச்சு தொடரும்.

வீட்டுக்குள் அப்படி இல்லை. மகள் இருந்தவரை இருவரும் அவளோடு பேசினார்கள், அல்லது அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் போனதும் சாப்பாட்டு மேசையில் டிவிதான் பேசியது. எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் எக்ஸ்ரேக்காரருக்கு வாய் கட்டிப்போகும். ஏழடிப் பலகையின் இரு முனைகளில் நின்றால் மட்டும், கண் ரம்பத்தில் இருக்க, வாய் தானாகத் திறந்துகொள்ளும். இது ஏன் என்று அவர் ஆராய்ந்தது கிடையாது. சரியாக ஓடுகிற இயந்திரத்தைத் திறந்து பார்ப்பானேன்?

அப்படிச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் துண்டைக் கீழே வைத்துவிட்டு அவள், "தோள் வலிக்குதுங்க" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும் என்று உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். எக்ஸ்ரேக்காரர் டேப்பை எடுத்து மேசையை அளந்தார்.

"இதுக்கு ஒரு வழி பண்றேன்" என்றார். "மேசைய நீட்டிட்டா நீ பிடிக்கவே வேணாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காதில் அது சம்மதமாக விழுந்தது.

நீட்டுவது என்றால் எளிதான வேலை என்றுதான் தொடங்கினார். மேசையின் பக்கவாட்டில் கீல் வைத்து ஒரு பலகை. வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம், வேண்டாதபோது தொங்கவிடலாம். தூக்கினால் நிற்க அதற்கு ஒரு மடக்குக் கால். தூக்கிப் பார்த்தபோது நீட்டுப் பலகையின் நுனி தொங்கிப்போய் நின்றது. கால் குட்டை. ஆனால் அளந்து வெட்டிய கால். ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கார் கழுவிய தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்று அந்த அறையின் தரை வாசல் பக்கம் சரிவாகப் போடப்பட்டிருந்தது. இத்தனை வருடம் சரிவில் நின்றுகொண்டு, கோணல் எல்லாம் மரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

காலின் அடியில் ஒரு நீளமான போல்ட்டை முடுக்கி, ஏற்றி இறக்கும் பாதம் வைத்தார். நுனி மட்டமானதும் நடுவில் தொய்வு வந்தது. அதற்குக் கீழே சாய்வாக ஒரு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை தள்ளியதில் மேசையே ஒரு பக்கம் லேசாக எழும்பியது. அதை அமுக்க அடித்தட்டில் மணல் மூட்டை. தாங்கிக்குத் தாங்கி, அந்தத் தாங்கிக்கு ஒரு தாங்கி. ஆஸ்பத்திரியில் நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் அவர் மனசு மணல் மூட்டையில் இருந்தது.

இதற்கெல்லாம் முன்னால், நீட்டுப் பலகைக்கு நல்ல கனமான மரம் வேண்டியிருந்தது. கையில் இருந்தது மகளின் அலமாரிக்கு வாங்கிவைத்த ஏழடிப் பலகைதான். "இது போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்று அதை மேசைமேல் போட்டு, வழக்கம்போல மனைவியைக் கூப்பிட்டார். அவளும் வந்து, மறுமுனையைத் தூக்காமல் இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் இடத்தில் நிற்கப்போகிற பலகையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் கதை எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் நேர்கோட்டில் அறுக்கும் மும்முரத்தில் இருந்தார்.

மனைவியின் தம்பி ஒரு பேருந்து ஓட்டுநர். பணி முடிந்து போகும் வழியில் எட்டிப் பார்ப்பான். நீட்டிவிட்ட மேசையைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், இதுல விமானம் இறங்குமா?"

"சின்ன விமானம்னா இறங்கும், மச்சான்."

"அலமாரி எங்க?"

"நீ கை வச்சிருக்கியே, அதுதான்" என்றார் எக்ஸ்ரேக்காரர். இருவரும் சிரித்தார்கள். அலமாரி கால்வாசியிலிருந்து அரைக்கால்வாசிக்கு இறங்கியிருந்தது. முன்னேற்றத்தில் இப்படியும் ஒரு வகை உண்டு.

எல்லாம் முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். நீட்டுப் பலகையைத் தூக்கினார், காலை விரித்தார், போல்ட்டைத் திருகினார், ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"பாத்தியா. இனிமே உனக்கு இங்க வேலையே இல்ல."

அவள் உள்ளங்கையை நீட்டுப் பலகைமேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் அந்த 'நல்லா இருக்கு'வை எடுத்துச் சட்டைப்பையில் மெடல் மாதிரி குத்திக்கொண்டார்.

மறுநாள் தனியாக அறுத்தார். மறுமுனை கல்லுமாதிரி கிடந்தது. தூக்கவில்லை, இறக்கவில்லை, நகத்தால் சுரண்டினாலும் பிசிறு இல்லை. அவர் அறுத்ததிலேயே அருமையான அறுப்பு அதுதான். நிமிர்ந்து, "அப்புறம்?" என்றார். பழக்கத்தில் வந்துவிட்ட சொல். ரம்பத்தை இழுக்கும்போது அவள் கதை நின்றுபோனால் அப்படித்தான் கேட்பார். நீட்டுப் பலகை பதில் சொல்லவில்லை. அறையில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். கேட்டிருந்தால் கூடத் தேவலை.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பார்சல் அம்மா என்ன ஆனாங்க?"

"அவங்க இப்ப வர்றதில்ல. பார்சல யாரோ வாங்கிக்கிட்டாங்க."

"யாரு வாங்கினது?"

"அது பெரிய கதை. எப்பவோ முடிஞ்சுபோச்சு." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் நீச்சல் வகுப்புல சேந்திருக்கேன். நாளையிலேர்ந்து சாயங்காலம் லேட்டாதான் வருவேன்."

எக்ஸ்ரேக்காரர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். மாதக்கணக்காகத் தானும் சேர்ந்து இழுத்து வந்த கதை, தான் இல்லாமலே முடிந்துவிட்டது. இனிமேல் நடப்பதெல்லாம் இப்படித்தான் தனக்குத் தெரியாமல் நடந்து முடியுமோ என்று பயமாக இருந்தது. இன்னும் எத்தனையோ வருடம் இந்த மேசையில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். பேச ஒன்றும் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? வலி என்று சொன்னவளுக்கு ஓய்வு கொடுத்ததாக நினைத்தார். தன் வாயைத்தான் கீல் போட்டு மடக்கிவிட்டிருக்கிறார்.

'நீ வந்து நில்லு' என்று கூப்பிட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதற்கு வாய் வரவில்லை. கூப்பிடக் காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை அவரே போல்ட் போட்டு முடுக்கி ஒழித்துவிட்டார். ஆகவே ஒரு சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, மடக்குக் காலின் நட்டைத் திருட்டுத்தனமாகத் தளர்த்தினார். தன் வேலையைத் தானே கெடுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அவருக்கு அது தாராளமாக இருந்தது, ஆனால் இதுவரை தெரிந்தே செய்ததில்லை.

"இங்க கொஞ்சம் வாயேன். இது ஆடுது. பிடிச்சாத்தான் ஆகும் போலிருக்கு."

அவள் தோளில் நீச்சல் பையோடு வந்தாள். பலகையைத் தொட்டாள், ஆட்டிப் பார்த்தாள், குனிந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்து நட்டை முடுக்கினாள். "இப்ப சரியாப் போச்சு" என்று ஸ்பேனரை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். முடுக்கியது அவரைவிடப் பலமாக இருந்தது. அவர் அதைத் திரும்பத் தளர்த்த முயன்று முடியாமல் விட்டுவிட்டார்.

அடுத்த யோசனை இன்னும் மேலானது. அலமாரியை உயரமாக்கிவிடலாம். பத்தடிப் பலகை வாங்கினால் நீட்டுப் பலகையைத் தாண்டியும் தொங்கும். மகள் இருக்கும் வீட்டில் மேற்கூரை எத்தனை அடி என்று அவர் கேட்கவில்லை. மச்சான் ஒரு நண்பனின் வண்டியில் பலகையைக் கொண்டுவந்து இறக்கினான். மேசைமேல் போட்டபோது நுனி அந்தரத்தில் தொங்கி லேசாகத் தலையாட்டியது. எக்ஸ்ரேக்காரருக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் பிடிக்கறேன், நீங்க அறுங்க" என்று மச்சான் கையை நீட்டினான்.

"வேணாம், நீ களைச்சுப் போயிருப்பே. உங்க அக்கா வரட்டும்."

"அக்கா எதுக்கு? இன்னொரு நீட்டு போட்டா ஆச்சு. அந்த மூலையில தரை இன்னும் சரிவு, கால் மட்டும் கொஞ்சம் நீளமா வேணும்." சொல்லிவிட்டு மச்சான் கிளம்பிப் போனான்.

அது தேவையில்லை என்று எக்ஸ்ரேக்காரருக்கு நன்றாகத் தெரியும். தேவையில்லாதது மட்டுமல்ல, கூடவே கூடாது. ஆனாலும் கால் எவ்வளவு நீளம் வேண்டியிருக்கும் என்று சும்மா ஒரு யோசனை வந்தது. அளந்து பார்ப்பதில் என்ன நஷ்டம்? கை டேப்பை எடுத்துக்கொண்டது. முட்டி போட்டார். சரிவு மச்சான் சொன்னதைவிட அதிகம். போல்ட் பாதம் போதாது, அடியில் ஒரு ஆப்பும் வைக்க வேண்டும். ஆப்பு நழுவாமல் இருக்க ஒரு பள்ளம். இரண்டாவது நீட்டை முதலாவதுக்குள் சொருகி இழுக்கிற மாதிரி செய்தால்? எதற்காகப் பத்தடிப் பலகை வாங்கினோம் என்பது அடியோடு மறந்துபோய், அவர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. நீச்சல் செருப்பு, ஈரமாக.

"இது எதுக்கு?"

"இன்னொரு நீட்டு" என்றார் மேசைக்கு அடியிலிருந்து, உற்சாகம் குறையாமல்.

"ஓ. அடுத்து சாப்பாட்டு மேசையில என் நாற்காலிக்கு என்ன செஞ்சு வைக்கப் போறீங்க?"

எழுந்த வேகத்தில் முட்டுக்கட்டையில் அவர் தலை இடித்தது. முட்டுக்கட்டை அசையவில்லை. நல்ல வேலைப்பாடு. தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். அவள் பலகையின் தொங்கும் நுனிக்கு அருகே நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று புரிந்துகொள்ள எக்ஸ்ரே எதுவும் தேவைப்படவில்லை.

"நீதானே தோள் வலிக்குதுன்னே?"

"வலிக்குதுன்னு சொன்னா எப்படி இருக்குன்னு கேக்கணும். இல்ல, 'அடடா'ன்னாவது சொல்லணும். வலிக்குதுன்னு சொன்னவளுக்கு மேசைக்குக் கால் வச்சுக் காட்டறதா?"

"நட்டைத் தளர்த்தினதே நான்தான்" என்றார் அவர் திடீரென்று. "நீ வரணும்னுதான். இந்தப் பத்தடியும் அதுக்குத்தான். வந்து பிடியேன். பழைய மாதிரி."

"தெரியும்" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நட்டு தானா அவ்வளவு தளராது. ஆனா இனிமே நான் பிடிக்க முடியாது. டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னுட்டார். நீச்சல் அதுக்குத்தான் போறேன்."

"டாக்டர்கிட்ட எப்பப் போனே?"

"படமும் எடுத்தாச்சு. வேற ஆஸ்பத்திரியில."

வாழ்நாளெல்லாம் ஊராரின் தோளைப் படம் பிடித்த மனிதர் இதைக் கேலியாக்கிவிடலாம் என்று பார்த்தார். கேலி வரவில்லை. எங்கே வலிக்காதோ அந்த இடம் அகப்படவில்லை.

"என்கிட்ட ஏன் வரல?"

"வந்தேன். நீங்க மணல் மூட்டை தச்சுட்டு இருந்தீங்க."

அவர் மணல் மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், காலம் கடந்துதான்.

"எந்தத் தோள்?"

"நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி யோசித்தார். வேலையில் இன்றுவரை எந்தப் படத்திலும் இடம் வலம் மாறியதில்லை, அதில் அவருக்குப் பெருமை உண்டு. அவள் மறுமுனையில் நிற்பதை மனசில் கொண்டுவரப் பார்த்தார். பலகை தெரிந்தது, கோடு தெரிந்தது, ரம்பத்தின் பல் தெரிந்தது.

"வலது" என்றார்.

"இடது."

அவர் டேப்பைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?"

"பொண்ணு ஊருக்குப் போன கொஞ்ச நாள்லேர்ந்து."

"அவ்வளவு நாளாவா? அப்ப ஏன் தினமும் வந்து பிடிச்சே? ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தாக்கூட நின்னிருக்குமே?"

"நிக்கும்னு எனக்கும் தெரியும்" என்றாள் அவள். "வேற எங்க நீங்க என்கூடப் பேசினீங்க?"

எக்ஸ்ரேக்காரர் பத்தடிப் பலகையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் வந்து அவர் நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் வைஸ் தெரியவில்லை, ரம்பம் தெரியவில்லை, அவர் வழக்கமாக நிற்கும் இடம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அவள் இடது தோளில் கையை வைத்தார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. அதையும் அவளிடமே கேட்டார்.